மலை மேற்கே இருக்கிறது

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியையும் நம் காலனிவாசியுமான ஒருவர் ஆற்றிய உரை. மின்னிதழுக்காக அவரே எழுதிக் கொடுத்தது.)



"சின்னப் பிள்ளைகளின் படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி" என்று செயலாளர் எனக்குத் தலைப்புக் கொடுத்தார். பெரிய தலைப்பு. நான் ஒரு சின்னத் தப்பிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தப்பைச் செய்தது நான்தான்.

போன குழந்தைகள் தினத்துக்கு நம் பூங்காவில் ஓவியப் போட்டி வைத்தோம். தலைப்பு, இயற்கைக் காட்சி. என்னை நடுவராக உட்கார வைத்தீர்கள். முப்பதுக்கு மேல் படங்கள் வந்தன. ஏறக்குறைய எல்லாமே ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைவட்டச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு பறவை. நீங்களும் நானும் படிக்கும்போது வரைந்த அதே படம். நம் அப்பா அம்மாவும் அதைத்தான் வரைந்திருப்பார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். நம் மலை முக்கோணமாகவா இருக்கிறது? வடக்கிலிருந்து தெற்கு வரைக்கும் நீளமாக ஒரு சுவர் மாதிரி கிடக்கிறது. சாயங்காலம் நீலம், மழைக்கு முன்னால் கறுப்பு, சில நாள் மேகம் மூடி மலையே இருக்காது. அதுவும் போக, நமக்கு மலை மேற்கே இருக்கிறது. சூரியன் அதற்குப் பின்னால் போய் மறையும். அங்கிருந்து ஒரு நாளும் உதித்ததில்லை. (சஞ்சீவி மலையைச் சொல்லிவிடாதீர்கள், அது தனிக் குன்று.) தினமும் மலையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், யாரோ எங்கேயோ வரைந்த மலையை வரைந்து கொடுத்தார்கள். நான் பரிசு கொடுத்தேன்.

ஒரே ஒரு பெண் குழந்தை வேறு மாதிரி வரைந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு. தாளின் குறுக்கே ஒரு கோணல் கோடு. கோட்டுக்குக் கீழே சாம்பல் கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தாள். ஓரத்தில் ஒரு செல்போன் டவர். முன்னால் கொடியில் ஒரு சட்டை காய்கிறது. அவ்வளவுதான். 'முடிக்கவில்லை போல' என்று நினைத்து அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். பரிசெல்லாம் கொடுத்து முடித்த பிறகு அவள் என்னிடம் வந்து, "டீச்சர், எங்க வீட்டு மாடியில நின்னு பார்த்தா இப்படித்தான் தெரியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள்.

பொங்கலுக்கு மறுபடி போட்டி வைத்தோமே, அதற்கும் வந்தாள். இந்தத் தடவை இரண்டு முக்கோண மலையும் நடுவே சூரியனும் வரைந்திருந்தாள். சுத்தமாக, கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டியிருந்தாள். நான் அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள் நான். எனக்கே இது நடக்கிறது என்றால், இதில் யாருடைய பெற்றோரையும் பள்ளிக்கூடத்தையும் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நல்ல எண்ணத்தோடுதான் நாம் மாதிரியைக் கொடுக்கிறோம். குழந்தை தன் கண்ணால் பார்த்து முடிப்பதற்குள் கொடுத்துவிடுகிறோம். கோளாறு அங்கேதான்.

இதை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்திருக்கிறார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். குழந்தை வளர்ப்புக் கண்ணோடு பெரியாழ்வார் திருமொழியைப் புரட்டிப் பாருங்கள். குழந்தை நிலாவைக் கூப்பிடுவது, கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையாட்டுவது, சப்பாணி கொட்டுவது, தளர்நடை போடுவது, பின்னாலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வது, பூச்சாண்டி காட்டுவது என்று ஒவ்வொரு பருவமாக உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். பின்னால் பிள்ளைத்தமிழ் என்று ஒரு இலக்கிய வகையே வளர்ந்ததற்கு அதுதான் முன்னோடி. இன்றைக்கு மழலையர் பள்ளி விளம்பரத்தில் 'வளர்ச்சிப் படிகள்' என்று பட்டியல் போடுகிறார்களே, அந்தப் பட்டியலில் குழந்தை எதையோ எட்ட வேண்டும். பெரியாழ்வாரின் பட்டியலில் குழந்தை எதையும் எட்ட வேண்டியதில்லை. பார்க்கிறவர் சும்மா இருந்து பார்க்கிறார்.

அவருடைய மகள் பாடியதில் இன்னொன்று இருக்கிறது. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி முழுக்க ஒரே வேண்டுகோள்தான். தெருவில் மணலைச் சலித்து, முதுகு வலிக்க உட்கார்ந்து சிறுமிகள் சின்ன வீடு கட்டியிருக்கிறார்கள். அதைக் காலால் கலைத்துவிடாதே என்று கண்ணனிடம் கெஞ்சுகிறார்கள். அதற்குச் சிற்றில் என்று பெயர். பத்துப் பாட்டு, வெறும் மணல் வீட்டுக்காக. ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க வருஷா வருஷம் போகிறோம். தேர் இழுத்து வந்த மறுநாளே வீட்டில் பிள்ளை தலையணை அடுக்கிக் கட்டிய தேரை, "விருந்தாளி வர்றாங்க, எடுத்து வை" என்று கலைக்கிறோம். நானும் கலைத்திருக்கிறேன்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

நம் காலனியில் மூன்றரை வயதில் நாலுகோடு நோட்டு எழுதுகிற குழந்தைகளை எனக்குத் தெரியும். "அழுதுகிட்டே எழுதுறான் டீச்சர், என்ன பண்றது" என்று ஒரு அம்மா கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே சொல்கிறேன். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எட்டுமே குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகிறது. கடைசி எலும்பு இறுக ஒன்பது பத்து வயதுக்கு மேல் ஆகும். மூன்றரை வயதுக் கை மாவைப் பிசைய, மண்ணை அள்ள, காகிதத்தைக் கிழிக்க, சுவரில் பெரிதாகக் கிறுக்க ஏற்ற கை. நாலு கோட்டுக்குள் அதை அடக்கினால் வலிக்கத்தான் செய்யும். எழுத்து எங்கும் ஓடிப் போய்விடாது. கிறுக்குகிற வயது போய்விடும்.

அரசுப் பள்ளிக்கூடம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் உண்டு. இந்த விஷயத்தில் நம் மாநிலத்து அரசுப் பள்ளிகள் ஒரு பெரிய காரியம் செய்து பார்த்திருக்கின்றன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலி பள்ளிக்கூடத்தார் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடத்தி வந்த முறையைப் பார்த்து, அதை நம் பாடத்துக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தோம். ஆசிரியரும் தரையில் உட்கார வேண்டும். கற்றல் ஏணி என்று ஒன்று. ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கிற படியிலிருந்து அட்டையை எடுத்துத் தன் வேகத்தில் போகும். முதல் மாதம் எனக்குத் தலை சுற்றியது. நாற்காலியை விட மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த முறையில் ஏணியைவிட, அட்டையைவிட எனக்குப் பிடித்துப்போனது கீழ்மட்டக் கரும்பலகை. வகுப்புச் சுவரின் அடிப்பகுதியில், தரையிலிருந்து குழந்தைக்குக் கை எட்டுகிற உயரம் வரை, சுற்றிலும் கறுப்புப் பெயின்ட். கோடு போட்டுப் பிரித்து ஆளுக்கு ஒரு கட்டம். அது அவனுடைய இடம். அவன் பெயர் அதில் இருக்கும்.

என் வகுப்பில் ஒரு பையன் ஆனா ஆவன்னாவைத் தொடவே மாட்டான். தினமும் தன் கட்டத்தில் லாரி வரைவான். நேற்று வரைந்த லாரி, முந்தாநாள் வரைந்த லாரி, இன்றைக்கும் லாரி. அப்பா லாரியில் கிளீனர். மூன்று வாரம் கழித்துத்தான் நான் கவனித்தேன், டயர் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் நாலு, அப்புறம் ஆறு, அப்புறம் பத்து. பக்கவாட்டில் பார்த்தால் எல்லா டயரும் தெரியாதே, அதனால் மறுபக்கத்து டயர்களை லாரிக்கு மேலே தொங்கவிட்டிருந்தான். மில்லுக்குப் பஞ்சு ஏற்றி வருகிற லாரிகளை ரோட்டோரம் நின்று எண்ணியிருக்கிறான். இரண்டிரண்டாக எண்ணுவது அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்காமலே வந்திருந்தது. "ஆறு டயர் லாரிக்கும் பத்து டயர் லாரிக்கும் எத்தனை வித்தியாசம்" என்று கேட்டேன். உடனே சொன்னான். அங்கிருந்து அவனுக்குக் கணக்குப் பாடம் தொடங்கியது. 'ல'வும் 'ரி'யும் அதற்குப் பின்னால் வந்தன.

செயல்வழிக் கற்றலில் குறை இல்லையா? நிறைய. போகப் போக அட்டையை முடிப்பதே வேலை என்று ஆனது. ஏணியில் யார் எத்தனையாவது படி என்று மேலே இருந்து கேட்கத் தொடங்கினார்கள். நாங்களும் பிள்ளைகளை ஏணியில் தள்ளிவிடத் தொடங்கினோம். இப்போது 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பாட்டும் கதையும் பொம்மையுமாக நடத்துகிறார்கள். அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், அரசுப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கினார்கள். திட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். சுவரில் தன் இடம் என்று ஒன்று குழந்தைக்கு இருக்கிறதா என்று மட்டும் நான் பார்ப்பேன்.

அடுத்து, விளையாட்டுச் சாமான். இரண்டாயிரம் ரூபாய்க்கு 'மூளை வளர்ச்சிப் பொம்மை' வாங்கியதாக ஒருவர் காட்டினார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பத்து ரூபாயில் ஒன்று இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா 1970களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே கிராமப் பள்ளிகளில் செய்து பார்த்துப் படிக்கும் அறிவியல் திட்டம் 1972 முதல் நடந்து வந்தது. வாரச் சந்தையில் கிடைக்கும் பொருள்களைத் தேடிப் பிடித்து அவர் உருவாக்கிய விளையாட்டுக்கு வேண்டியது தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூபும். இரண்டுக்கும் நமக்குப் பஞ்சமா? பக்கத்திலேயே சிவகாசியும் சாத்தூரும்.

மரக்குச்சியாகப் பாருங்கள், மெழுகுக் குச்சி வளைந்துவிடும். மருந்தைச் சுரண்டிவிடுங்கள், அது பெரியவர்கள் வேலை. வால்டியூபை விரல் அகலத்துக்கு நறுக்கி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் அது ஒரு மூட்டு. நாலு குச்சி, நாலு மூட்டு வைத்துச் சதுரம் செய்யச் சொல்லுங்கள். கையில் பிடித்ததும் சாய்ந்து போகும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் என்ன இழுத்தாலும் அசையாது. ஏன் என்று நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். சதுரம் சாயாமல் நிற்க என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காபி போடப் போங்கள். திரும்பி வரும்போது சில பிள்ளைகள் குறுக்கே ஒரு குச்சி வைத்திருப்பார்கள். அப்புறம் செல்போன் டவரில் ஏன் அத்தனை குறுக்குக் கம்பி என்று அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். டியூபின் நடுவே கருவேல முள்ளால் ஒரு துளை போட்டு மூன்றாவது குச்சியைச் செருகினால் கூடாரம், வீடு எல்லாம் எழும்பும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள்.

தீக்குச்சி என்றதும் பெரியவர்கள் சிலர் முகம் மாறியதைக் கவனித்தேன். இந்த மாவட்டத்துக் குழந்தைகளின் விரல்கள் ஒரு காலத்தில் விடிவதற்கு முன்னால் எழுந்து போய்ச் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தன. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1953இல் அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்து, குலக்கல்வி என்று பெயர் வாங்கி, மறு வருஷமே காமராஜர் ஆட்சியில் திரும்பப் பெறப்பட்டதும் நமக்குத் தெரியும். அதனால் கையால் செய்து பழகட்டும் என்று யாராவது சொன்னால் நம் பக்கத்தில் சந்தேகப்படுவது நியாயம். நான் இதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். அந்தக் குச்சியை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர் யார்? பெரியவர் என்றால் அது வேலை. வகுப்பறையில் களிமண்ணையும் வண்ணத்தாளையும் கொடுத்து, "நான் செய்ததைப் போலவே எல்லோரும் செய்யுங்கள்" என்று நான் சொன்ன நாள்களெல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

மாதிரியே கூடாதா, விதியே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கோலத்தைப் பாருங்கள். புள்ளி வரிசை பிசகினால் சிக்குக் கோலம் வராது. கம்பி எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளியையும் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். இவ்வளவு கறாரான விதிக்குள்தான் நம் பாட்டிகள் ஆயிரம் கோலம் கண்டுபிடித்தார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்களாக இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலுக்குக் கொண்டுபோய் 1974இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வாசல் தெளிக்கிற நேரத்தில் நடப்பது அவ்வளவு பெரிய கணக்கு.

ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கோலத்தை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மா பெரிய கோலம் போடுவாள். மிச்சப் பொடியை வாங்கிக்கொண்டு ஓரமாக நாம் ஒரு கோணல் கோலம் போடுவோம். யாரும் அதைத் திருத்த மாட்டார்கள், ராத்திரிக்குள் சைக்கிள் ஏறி அழிந்துவிடும், மறுநாள் வேறு போடலாம். விதி கண்ணெதிரே பெரிதாக இருந்தது, கைக்கு ஒரு ஓரம் இருந்தது, தப்புக்கு மதிப்பெண் கிடையாது. இப்போது நம் காலனியில் எத்தனை வாசலில் ஸ்டிக்கர் கோலம் என்று மார்கழியில் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையைச் சொன்னால் சிலர் என் வீட்டுக் காபியைக் குடிக்க மாட்டார்கள்.

சரி, சங்கத்திடம் நான் கேட்க வந்தது. ஓவியப் போட்டியில் இரண்டாம் வகுப்பு வரைக்கும் பரிசு வேண்டாம். வரைந்த எல்லாப் படத்தையும் கயிறு கட்டித் தொங்கவிடுவோம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அந்தக் குழந்தை அதைப் பற்றிச் சொன்ன ஒரு வரியை அதன் வாய்மொழியிலேயே எழுதுவோம். அந்த வேலையை நான் செய்கிறேன். தலைப்பு, 'எங்கள் மாடியிலிருந்து'. வரையும் நேரத்தில் பெற்றோர்கள் தயவுசெய்து பூங்கா வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். போன தடவை மூன்று தென்னை மரங்களை வரைந்தது அப்பாக்கள் என்று எனக்குத் தெரியும்.

பூங்காவின் உள்சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு, இருபதடி நீளத்துக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடிக்க அனுமதி வேண்டும். பூசி வழவழப்பாக்கிய சுவர்தான், அதனால் அதிகச் செலவு இல்லை. சுவர் அசிங்கமாகும் என்று பொருளாளர் சொல்வார். ஆகும்.

கடைசியாக, கொஞ்சம் சங்கடமான ஒன்று. பூங்கா உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கேட்டில் பலகை மாட்டியிருக்கிறோம். வாட்ச்மேன் அண்ணனின் பேரனும், நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காமார்களின் பிள்ளைகளும் கேட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். தெருமுனை அங்கன்வாடியில் படிக்கிற பிள்ளைகள்தான் அவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரமாவது அவர்களும் அந்தச் சுவரில் எழுத வர வேண்டும். அவர்களுக்கும் ஒரு கட்டம், அதில் அவர்கள் பெயர். இதற்கு எதிர்ப்பு வரும் என்று செயலாளர் முன்னமே என்னிடம் சொல்லிவிட்டார். எதிர்ப்பு இருக்கிறவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம்.

அந்தச் சாம்பல் மலைப் படத்தைத் திரும்ப வாங்க அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனேன். பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அவள் பாட்டி ரொம்ப வருத்தப்பட்டார். மாடியைப் பார்க்கலாமா என்று அவளிடம் கேட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஆறு மணி இருக்கும். கோணல் கோடு அப்படியே இருந்தது, டவரும் இருந்தது. கொடியில் அன்றைக்குச் சட்டை இல்லை, ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

செயற்குழு அனுமதி கொடுத்தால் வரும் சனிக்கிழமை நாலரை மணிக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்கலாம். பழைய பிரஷ், தேய்த்துப் போடுகிற துணி, மில்லில் கிடைக்கும் காலி அட்டைக் கோன், பழைய வால்டியூப் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். நல்ல சட்டை போட வேண்டாம்.